ஐந்தாவது மூடி

பின்சீட்டில் ஆஸியா பிடித்திருந்த பொருள் கார் ஜன்னலுக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக். படகொன்றின் அடிவயிற்றை மட்டும் தனியாக உரித்தெடுத்தது போல் வளைந்த ஓடு. நேற்று மாலை வரை அவள் அதில் மிளகாய் காயவைத்திருந்தாள். காணாமல் போன கணவனைத் தேட இன்று அவள் கையில் அது ஒன்றுதான் இருந்தது.

“தங்கச்சி, அதக் கொஞ்சம் உள்ளுக்கு இழுங்க,” என்றான் ஒஸ்வல்ட், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே. “எதிர்த்தாப்புல பஸ் வந்தா பாதிப் பிளேன் கண்டிக்குப் போயிடும்.”

ஆஸியா சிரிக்கவில்லை. முன்சீட்டில் இருந்த இத்ரூஸும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் மற்றவர்களின் பொய்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிச் சொன்ன மனிதர் அவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிவதைத் தொழிலாக்கிக்கொண்ட நாளிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டார். ஒஸ்வல்ட் அவருடைய சாரதி, உதவியாள். அவர் மிச்சம் பிடித்த சொற்களையெல்லாம் செலவழிப்பவன்.

மழை விட்டிருந்தது. மாத்தளைக் கடைகள் பின்னால் போக, அலுவிகாரைப் பாறைகளின் பாதியை மூடுபனி தின்றிருந்தது.

“நேத்து நடந்ததத் திரும்பச் சொல்லுங்க,” என்றார் இத்ரூஸ்.

“பகல் யட்டவத்தைக்குப் போனாரு, கூடப்பிறந்த மூத்த நானாவப் பார்க்க. பின்னேரம் அஸர் தொழுகை நேரம் திரும்பி வந்தாரு. தேத்தண்ணி கூடக் குடிக்கல. ‘ஷெட்ல ஒரு வேல பாக்கி இருக்கு, முடிச்சிட்டு மஃரிப் தொழுகைக்கு வந்துர்றேன்’னாரு. வரல. விடிஞ்சதும் நானே ஷெட்டுக்கு ஓடினேன். முதலாளி சுந்தரலிங்கம் ஐயா, ‘நேத்து அவன் வரவே இல்லையே’ன்னுட்டாரு.”

“அவரோட நானா யாரு?”

“ரவூப் மச்சான். உலகச் சண்டைக் காலத்துல காலி ஊர்ப் பக்கம், தண்ணியில இறங்குற பிளேன் நிக்கிற இடத்துல கூலி வேல செஞ்சாரு. ஒரு ராத்திரி, கட்டிப்போட்ட இடத்துலயே ஒரு பிளேன் முங்கிடுச்சு. உள்ளுக்குப் படுத்திருந்த ரெண்டு பேர் தண்ணியிலயே மௌத்தாகிட்டாங்க. அடியில ஒரு மூடி போடலன்னு மச்சான் மேல பழி. நாலு வருஷம் ஜெயில்ல இருந்தாரு. அந்த மூடிய அவரு தொட்டதே இல்லையாம். அது மெக்கானிக் வேலையாம்.”

“எந்த மெக்கானிக்?”

“பேர எங்க யாருகிட்டயும் சொல்லமாட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.”

இத்ரூஸ் பின்பக்கம் திரும்பி அந்த ஓட்டின் அடிப்பகுதியை விரலால் தடவினார். நடுக்கோட்டில் வரிசையாக ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து சத நாணய அளவு. நான்கு மேடாக இருந்தன. ஐந்தாவது மட்டும் குழி.

“உங்க புருஷன் முத்தலிப் செதுக்கின அச்சுல இருந்து வந்ததா இது?”

“ஆமா நானா. அது மேல முதல்ல இழுத்தெடுத்த பிளாஸ்டிக் ஓடு. ஐயா பார்த்த உடனே தூக்கி எறிஞ்சாராம். நாலு நாளைக்கு முன்ன இவரு வீட்டுக்குக் கொண்டாந்தாரு.”

“சுந்தரலிங்கம் சண்டைக் காலத்துல என்ன செஞ்சாரு?”

இந்தக் கேள்விக்கு ஒஸ்வல்ட்தான் பதில் சொன்னான். “அவரா? கடைத்தெருவுல ஆட்டுக்குட்டியக் கேட்டாலும் சொல்லும். சண்டையத் தனியா ஜெயிச்ச ஆளு. ஷெட்ல செய்யிற அந்தப் பிளாஸ்டிக் மொடல் பிளேன கொழும்புப் பொருட்காட்சிக்கு அனுப்புறதே, கீழ தன் பேரப் பெருசா எழுதி வைக்கத்தானே? தண்ணியில இறங்குற பிளேனுக்குத் தலைமை மெக்கா...”

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. கார் வேகம் குறைந்தது.

“முத்தலிப் வாயால ஒண்ணும் சொல்லல,” என்றார் இத்ரூஸ். “உளியால சொல்லியிருக்கான். அந்த அச்சுல எத்தனை ஓடு இழுத்தாலும் அத்தனையிலயும் அந்தக் குழி வரும்.”

“கொழும்பே பார்க்குமே, நானா!” என்றாள் ஆஸியா.

“பார்க்கிற யாருக்கும் அது என்னன்னு தெரியாது. ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும்.”

ஒஸ்வல்ட் வேகத்தைக் கூட்டினான்.

*

கொக்கோ மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தத் தகர ஷெட். கொட்டை காயவைக்க யாரோ துரை கட்டியது. உள்ளே ஓர் எஞ்சின் ஓடும் சத்தம் ரோட்டுக்கே கேட்டது.

“நீங்க காருலயே இருங்க,” என்று ஆஸியாவிடம் சொல்லிவிட்டு இத்ரூஸ் இறங்கினார். ஈர இலைகள் காலடியில் சத்தமில்லாமல் மடிந்தன.

கதவைத் தள்ளியதும் முதலில் தெரிந்தது இறக்கை. ஒன்பதடி நீளம். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியது. பக்கத்தில் வால், நான்கு எஞ்சின் கூடுகள், விமானத்தின் மேல்பாதி உடல். எல்லாம் வெள்ளை, எல்லாம் உள்ளே வெறுமை. மெல்லிய அந்த ஓடுகள் கதவுக் காற்றில் அசைந்தபோது, ஏதோ பெரிய பிராணியைத் தோலுரித்துக் காயப்போட்ட இடத்துக்கு வந்துவிட்டது போல் இருந்தது.

“யாரு?”

சுந்தரலிங்கத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. வேலைசெய்யும் ஒருவரின் கைகளுக்கு அவருடைய கைகள் சற்று அதிகமாகவே சுத்தமாக இருந்தன.

இத்ரூஸ் தன் பெயரைச் சொன்னார். வந்த காரணத்தையும் சொன்னார்.

“முத்தலிப் நேத்து வரவே இல்லையே!” எஞ்சின் சத்தத்துக்கு மேலாகச் சுந்தரலிங்கம் கத்தினார். “அவன் பொஞ்சாதிகிட்டயும் சொன்னேன். மதியம் லொறி வருது, இன்னும் அடிப்பாகம் இழுத்து முடியல. என் நிலைமையப் பாருங்க!”

ஷெட்டின் நடுவில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. எட்டடி நீளம், தொடையளவு உயரம். அதன் மேல் அச்சு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நீர்விமானத்தின் அடிப்பாகம், அடி மேலாக. கினிசப்பு மரத்தில் செதுக்கி, கண்ணாடி போல் தேய்த்து, முழுக்க முகப்பவுடர் தூவியிருந்தது. தலைப்பக்கத்தில் ஊசித்துளைகள் நெருக்கமாக இருந்தன.

“பவுடர் போட்டு அலங்காரமெல்லாம் நடக்குது. மாப்பிள்ளை எங்க?” என்றான் ஒஸ்வல்ட்.

“பிளாஸ்டிக் ஒட்டாம இருக்க.” சுந்தரலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. “தகட்டச் சட்டத்துல பூட்டி, அந்தச் சூட்டறையில தொங்கவிட்டிருக்கேன். ரொட்டி மாவு மாதிரித் தொய்யும். தூக்கியாந்து அச்சு மேல கவிழ்த்துக் குழாயத் திறந்தா, எஞ்சின்ல ஓடுற பம்ப் இந்தப் பெட்டியில இருக்கிற காத்த மொத்தமா உறிஞ்சிடும். அச்சுத் துளை வழியாக் காத்து கீழ போக, தகடு தோல் மாதிரி ஒட்டிக்கும். பத்து செக்கன் வேல.”

“பம்ப் எங்க ஐயா வாங்கினீங்க?”

“பால் கறக்கிற மெஷின்ல இருந்தது.”

“மாடு குடுத்து வச்சது, தப்பிச்சிடுச்சு.”

இத்ரூஸ் அச்சைச் சுற்றி நடந்தார். நடுக்கோட்டில் ஐந்து வட்டங்கள். ஐந்தும் மேடாக இருந்தன. கடைசி வட்டத்தில் மட்டும் மரத்தின் நிறம் மாறியிருந்தது. மரக்குழிகளை நிரப்பும் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்தது. மரத்தூள் கலந்த புட்டி. தகட்டுக் கத்தியால் அல்ல, கட்டைவிரலால் வழித்துச் சமப்படுத்தியது.

“இது என்ன ஐயா, அஞ்சு வட்டம்?”

“அடிமூடி.” பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. “பிளேனக் கரைக்கு இழுத்ததும் அந்த மூடிகளக் கழட்டி உள்ளே சேர்ந்த தண்ணிய வெளியே விடுவோம். திரும்ப இறக்க முந்தி போட்டு முறுக்கணும்.”

“ஒண்ண மறந்தா?”

“மறக்கமாட்டோம்.”

“அஞ்சாவதுல புட்டி தெரியுது.”

“செதுக்கும்போது தப்பு விட்டிருக்கான். நேத்துக் காலையில நான்தான் அடைச்சேன்.”

இத்ரூஸ் தலையாட்டினார். பிறகு காதில் கை வைத்துக் காட்டினார். “அந்த எஞ்சினக் கொஞ்சம் நிறுத்துங்களேன். பேசுறது விளங்கல.”

“நிறுத்தினா திரும்பப் பத்த வைக்கிறது கஷ்டம்.”

“ஒரு நிமிஷம்.”

சுந்தரலிங்கம் அசையவில்லை. ஒஸ்வல்ட் பல்லைக் காட்டியபடி எஞ்சினிடம் போய், விசையைத் தானே அணைத்தான். “நான் பத்தவச்சுத் தாரேன் ஐயா. எங்க கார் தினமும் இப்படித்தான், பழகின கை.”

மௌனம் மேலிருந்து விழுந்தது போல் வந்தது. கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம் மட்டும்.

“லொறி பதினொரு மணிக்கே வந்துடலாம்!” என்றார் சுந்தரலிங்கம். “லொறி ஆளுங்கள ஒத்தாசைக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன்! தகடு இப்ப இளகியிருக்கும்! நீங்க ஒரு கை குடுத்தா முடிச்சிடலாம்!”

எஞ்சின் நின்ற பிறகும் அவர் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

இத்ரூஸ் அதைக் கவனித்தார். எதை மூட இந்தச் சத்தம்? அவர் காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் தட்டும் ஓசையோ முனகலோ எதுவும் இல்லை. ஒருவேளை தன் சந்தேகம்தான் அதிகமோ என்று நினைத்தார்.

“அதுக்கென்ன ஐயா, தூக்குவோம்,” என்று ஒஸ்வல்ட் எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்தான். அவனும் சுந்தரலிங்கமும் சூட்டறைக்குப் போனார்கள்.

இத்ரூஸ் அச்சின் தலைப்பக்கத்திலேயே நின்றார். நீண்ட நேரம் ஒன்றையே பார்த்து நிற்பது அவர் பழக்கம். எஞ்சின் அதிர்வில் பவுடர் முழுவதும் மெல்ல நடுங்கியது. ஆனால் ஓரிடத்தில், நெருக்கமான அந்த ஊசித்துளைகளில் இரண்டைச் சுற்றி, பவுடரே இல்லை. மரம் வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்தின் ஓரத்தில் தூள் சற்று எழுந்தது. பிறகு துளையை நோக்கிச் சரிந்தது. மீண்டும் எழுந்தது. மீண்டும் சரிந்தது.

பம்ப்பின் குழாய் மூடியிருந்தது. பம்ப் இழுக்க மட்டுமே செய்யும், ஊதாது.

எழுந்தது. சரிந்தது. இப்போது இடைவெளி கூடியிருந்தது.

அது என்னவென்று அவருக்குப் புரிந்த பின்னும் இரண்டு விநாடி அவர் வாய் திறக்கவில்லை. மௌனம் அவருக்கு எதிராக நின்ற இரண்டு விநாடிகள் அவை. அதற்குள் சட்டம் வந்துவிட்டது. கட்டில் அளவு இரும்புச் சட்டத்தின் நடுவே தகடு பால்நிறத்தில் தொய்ந்து ஆடியது. ஒரு முனையில் ஒஸ்வல்ட், மறுமுனையில் சுந்தரலிங்கம்.

“வைக்காத, ஒஸ்வல்ட்! உள்ளுக்கு ஆள் இருக்கு!”

ஒஸ்வல்ட் தன் முனையை மேலே இழுத்தான். சுந்தரலிங்கம் தன் உடற்பாரம் முழுவதையும் மறுமுனையில் போட்டார். சட்டம் அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, பெட்டி விளிம்பிலிருந்த ரப்பரில் பொருந்தியது. சுந்தரலிங்கத்தின் முழங்கால் குழாய்ப் பிடியைத் தள்ளியது.

உறிஞ்சும் ஓசை எழுந்தது.

தகடு சுருக்கமின்றி அச்சின் மேல் படிந்தது. முதலில் முதுகெலும்புக் கோடு, பிறகு பக்கங்கள், பிறகு ஐந்து வட்டங்கள். சில நொடிகளில் வெள்ளை நீர்விமானம் ஒன்று பிறந்து நின்றது. அவ்வளவு அழகான பொருளை இத்ரூஸ் அந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. அந்தத் துளைகள் மேல் இப்போது ஒரு மூச்சுக்கும் வழியில்லை.

மேசை மேல் முத்தலிப்பின் உளிகள் வரிசையாக இருந்தன. இத்ரூஸ் அகலமானதை எடுத்து, தலைப்பக்கத்தில் குத்தி, இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்தார். சூடான பிளாஸ்டிக் கிழிந்து விரல்களைச் சுட்டது. காற்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

அதற்குள் ஒஸ்வல்ட் சுந்தரலிங்கத்தைச் சுவரோடு சாய்த்துப் பிடித்திருந்தான். உண்மையில் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த மனிதர் போராடவில்லை.

“பெட்டியத் திற,” என்றார் இத்ரூஸ்.

பக்கப் பலகையில் எட்டு நட்டுகள். ஒஸ்வல்ட் ஒவ்வொன்றாகக் கழற்றினான். இம்முறை ஒரு பகிடியும் சொல்லவில்லை. பலகை விழுந்தது. உள்ளே நாற்பத்தைந்து வயது மனிதன் ஒருவன், அச்சின் துளைகளுக்கு நேரே மேற்பலகையில் மூக்கு முட்டத் தலையைத் தூக்கியபடி ஒருக்களித்துக் கிடந்தான். கைகள் முன்னால் கட்டப்பட்டிருந்தன. வாயில் துணி. பின்மண்டையில் காய்ந்த இரத்தம்.

துணியை எடுத்ததும் முத்தலிப் இருமினான். ஷெட் முழுதும் அந்த இருமல் எதிரொலித்தது. வெளியே கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆஸியா ஓடி வந்தாள். யாரையும் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அல்லாஹ்” என்ற ஒரு சொல் மட்டும் வந்தது அவளிடமிருந்து.

“காலையில தட்டுற சத்தம் கேட்டுச்சு,” என்றார் சுந்தரலிங்கம், யாரும் கேட்காமலே. இப்போதுதான் அவர் குரல் தாழ்ந்திருந்தது. “அதுவரைக்கும் செத்துட்டான்னுதான் நினைச்சேன். என் கையால... என்னால முடியல.”

“உங்க கையால நீங்க ஒண்ணும் செய்யமாட்டீங்க,” என்றார் இத்ரூஸ். “அன்னைக்குத் தண்ணியச் செய்ய விட்டீங்க. இன்னைக்கு என் ஆளோட கையையும் பம்ப்பையும் செய்ய விட்டீங்க.”

அவர் குனிந்து முத்தலிப்பின் கட்டுகளை அவிழ்த்தார். அவிழ்த்தவர் அந்தக் கைகளை விடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகங்களுக்குள் புட்டி காய்ந்திருந்தது. மரத்தூள் கலந்த புட்டி. வலது கட்டைவிரல் முழுவதும் அது அப்பியிருந்தது.

இத்ரூஸ் மெதுவாக நிமிர்ந்தார். காரில் வரும்போது அவர் மனதில் கட்டிய கதை முழுவதும் அந்தக் கட்டைவிரலில் உடைந்தது.

“அஞ்சாவது மூடிய அடைச்சது நீங்க இல்ல.”

சுந்தரலிங்கம் கிழிந்த ஓட்டின் பக்கம் திரும்பினார்.

“இவன் குனிஞ்சு நின்னான்,” என்றார். “கையில உளி. இன்னும் ஆழமாத் தோண்டுறான்னு நினைச்சேன்.”

“தோண்டல,” என்றான் முத்தலிப். குரல் தகரத்தில் மணல் உரசுவது போல் இருந்தது. “ஓரத்தச் சுரண்டினேன், புட்டி பிடிக்க. நானா சொன்னாரு... ‘அந்த மனுசனும் இருபத்துநாலு வருஷமாத் தூங்கியிருக்கமாட்டான், விட்டுடு, மூடிடு’ன்னு.”

மழைநீர் சொட்டியது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தவன் போல் ஒஸ்வல்ட் போய் அதை நிறுத்தினான்.

“அடிச்ச பிறகு அச்சப் பார்த்தீங்களா?” என்று கேட்டார் இத்ரூஸ்.

“பார்த்தேன்.”

“அடைச்சிருந்ததப் பார்த்தீங்க.”

“ஆமா.”

“அதுக்குப் பிறகுதான் பெட்டியில போட்டீங்க.”

சுந்தரலிங்கம் தன் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இவன் கோபமா வந்திருந்தா என்கிட்டப் பதில் இருந்துச்சு. வருஷக்கணக்காத் தனியா சொல்லிப் பழகின பதில். இதுக்கு ஒண்ணும் இல்ல. அடைச்ச புட்டியப் பார்த்த நேரம்தான் எனக்குப் பயமே வந்துச்சு.”

முத்தலிப் மனைவியின் கையைப் பிடித்து எழுந்து உட்கார முயன்றான். முடியவில்லை. மறுபடி படுத்துக்கொண்டு இத்ரூஸைப் பார்த்தான்.

“யட்டவத்தைக்கு ஒரு ஆள் அனுப்புவீங்களா? நானா பார்த்துக்கிட்டு இருப்பாரு.”

“என்னன்னு சொல்ல?”

முத்தலிப் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

“மூடிட்டேன்னு மட்டும் சொல்லுங்க.”

“கேஸ் வரும் முத்தலிப்,” என்றான் ஒஸ்வல்ட் தணிந்த குரலில். “கோட்டு, பொலிஸ்னு எல்லாம் அவருக்குத் தெரியவரும்.”

“அது நாளைக்கு. இன்னைக்கு ஒரு ராத்திரி அவரு நல்லாத் தூங்கட்டும்.”

சுவரோரம் நின்ற சுந்தரலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.